பட்டியலில் நான் விட்ட பெயர்

ஷெல் கூவுகிறது. கூவினால் பயமில்லை. கூவுவது தலைக்கு மேலே தாண்டிப் போகிற குண்டு. கூவாமல் வருவதுதான் நமக்கு.

திங்கட்கிழமை. நவம்பர் மாதம், மூன்றாவது வாரம். காலை ஒன்பது பத்து. கோயில் மணிக்கூடு அப்படித்தான் காட்டுகிறது.

ஓடுகிறோம். அப்பா முன்னால். சைக்கிளில் அரிசி மூட்டை. மூட்டையின் மேல் தங்கை. அம்மா நடுவில். நான் கடைசி. எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடப் பை முதுகில் இடிக்கிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

யாரோ கத்துகிறார். படுக்கிறோம். வாய்க்குள் மண். டும். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கல்லும் ஓட்டுத் துண்டும் தகரக் கூரைகளில் விழுகிற சத்தம். எழும்பி ஓடுகிறோம்.

கோயில் வாசலில் பாதர் நிற்கிறார். அங்கி இல்லை. சாரமும் பனியனும். இரண்டு கைகளையும் வீசுகிறார்.

"உள்ளுக்கு வாங்கோ! கோயிலுக்குள்ள வாங்கோ! கடற்கரை றோட்டால போகாதேங்கோ!"

அப்பா சைக்கிளைத் திருப்புகிறார். அம்மா ஹாண்டிலைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வேண்டாம். அந்த மனுசன்ரை கோயிலுக்குள்ள நான் கால் வைக்கமாட்டன்."

"இப்பவோ அந்தக் கதை?"

"செத்தாலும் வைக்கமாட்டன்."

அப்பா இரண்டு விநாடி நின்றார். பிறகு கடற்கரை றோட்டில் இறங்கினார். அந்த இரண்டு விநாடியில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பாதர்மேல் அம்மாவுக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் பாதர் இல்லை. நான். அது எனக்குத் தெரியும். பாதருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்கு முப்பது. காரைக்குடியில் இருக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலை. கவிதை எழுதுகிறேன். முதல் தொகுப்பு வரப்போகிறது. அச்சகத்தின் முதலாளி சிவகாமி அக்காதான் போடுகிறார். "எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒன்னயப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு ஆத்தா" என்றார். இதுதான் அந்த நாலு பக்கம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையை ஏற்கெனவே மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன். இந்தியக் கரையில் இறங்கியதும் கேட்ட அதிகாரிக்கு ஒன்று. அகதி முகாம் பதிவேட்டுக்கு ஒன்று. ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து போனில் பதிவுசெய்ய வந்த பெண்ணுக்கு ஒன்று. அந்தப் பெண் தங்கமான பெண். வரும்போது அம்மாவுக்கு பிஸ்கட்டும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தாள். அதனாலேயே நான் அவளை நம்பவில்லை. ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னேன். இது நான்காவது முறை. இதில் பொய் இல்லை. ஆனாலும் நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். நீங்கள் யாரென்று எனக்கும் தெரியாது. சரிக்குச் சரி.

எங்கள் ஊர் மன்னார்க் கரையில். மீன்பிடிக் கிராமம். ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கூட்டுறவுக் கடை. வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, அண்ணன், நான், தங்கை. அண்ணனுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதில் ஓர் ஆண் பிள்ளை வீட்டில் இருப்பது அந்தக் காலத்தில் குற்றம். சண்டைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் வந்து கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் என்பது கணக்கு.

ஆகஸ்டில் அம்மா ஒரு காரியம் செய்தாள். அண்ணன் கடலில் போய்விட்டான் என்று ஊரைக் கூட்டி அழுதாள். வள்ளம் கவிழ்ந்தது, பிள்ளை கிடைக்கவில்லை என்றாள். அப்பாவும் நனைந்த உடுப்போடு வந்து வாசலில் விழுந்து கிடந்தார். நன்றாக நடித்தார். அண்ணன் அப்போது வீட்டுக்குப் பின்னால் வெட்டிய பதுங்குகுழியில், பங்கருக்குள் இருந்தான். பங்கர் வாய்க்கு மேல் பலகை. பலகைக்கு மேல் விறகு. மூன்று மாதம் அப்படி இருந்தான்.

ஊர் நம்பியதா? பாதி நம்பியது. மீதி எங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை சாரம் காய்கிறது. குப்பையில் எத்தனை மீன் முள். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கிணற்றடியில் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாலு பேருக்கு அஞ்சு கோப்பையோடி கழுவிறாய்?"

அன்றிலிருந்து அண்ணன் சட்டியில் சாப்பிட்டான். மாமி சும்மா கேட்டாளா, வேவு பார்த்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நவம்பர் வந்தது. இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்கள் நாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வீடும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும். காலைப் பூசையில் பாதர் எல்லாத் தாளையும் எடுத்து வாசிப்பார். வீடு வீடாக. பெயர் பெயராக. சனம் முழங்காலில் இருந்து கேட்கும். தன் வீட்டுப் பெயர் வரும்போது அந்த வீட்டுப் பெண்கள் விசும்புவார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் விசும்பலை அளப்பார்கள்.

என் கையெழுத்து அழகு. பத்து வீட்டுத் தாளையாவது நான்தான் எழுதினேன். ஒரு வீட்டுக்கு ஒரு டொபி மிட்டாய். கடைசியாக எங்கள் வீட்டுத் தாள். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. பக்கத்தில் இருந்து சொன்னாள். தாத்தா. பாட்டி. பெரியப்பா. பிறக்கும்போதே போன ஒரு பிள்ளை. சித்தி. அவ்வளவும் எழுதினேன்.

"கடைசியா யூட்."

அண்ணனின் பெயர். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? எழுது. பாதர் வாசிக்கட்டும். ஊர் கேக்கட்டும். கேட்டால்தான் நம்புவினம்."

பேனாவைத் தாளில் வைத்தேன். அசைத்தேன். எழுதியது மாதிரி காட்டினேன். எழுதவில்லை.

அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை. ஆத்துமாக்கள் நாளில் பெயர் வாசித்தால் கடவுள் அந்த ஆளைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்வார். கடவுளிடம் போய், இது சும்மா ஊருக்காக, நீங்கள் காதில் வாங்காதீர்கள் என்று யார் சொல்வது? பாதர் வாசித்தால் அண்ணன் பங்கருக்குள்ளேயே செத்துப்போவான். பதினொரு வயதுப் பிள்ளையின் மூளை அவ்வளவுதான். அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். தாளை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன்.

காலை ஆறு மணிப் பூசை. கோயில் நிறைந்திருக்கிறது. எங்கள் தாள் வருகிறது. தாத்தா. பாட்டி. பெரியப்பா. பிள்ளை. சித்தி. பாதர் நிறுத்துகிறார். தாளைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் வெறுமை. என்னைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன். அடுத்த தாளை எடுக்கிறார்.

அம்மா விசும்பத் தயாராக முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அப்படியே இருந்தாள். எத்தனை தலை எங்கள் பக்கம் திரும்பியது என்று எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும். இந்தப் பத்தொன்பது வருடமாக அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் ஒன்றுதான் போய்ச் சொன்னது.

பூசை முடிந்ததும் பாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யூட்டின்ரை பேர் இல்லையே. அம்மா சொல்லேல்லையோ?"

"இல்லை பாதர்."

பொய். முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் பாதர் என்ரை பிள்ளையின்ரை பேரை விட்டனீங்கள்?"

பாதர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"என்ரை பிழைதான். பார்க்காமல் விட்டிட்டன். அடுத்த பூசையில வாசிக்கிறன்."

அடுத்த பூசை ஞாயிறு. ஆள் சேர்க்கிறவர்கள் மறுநாள் வந்தார்கள். காலை பத்தரை. ஐந்து பேர். வீட்டுக்குள் தேடவில்லை. நேராக விறகுக் குவியலுக்குப் போனார்கள். அண்ணன் வெளியே வந்தான். மூன்று மாதம் வெயில் படாத உடம்பு. கண்ணைக் கையால் மறைத்தான். அம்மா ஒருவனின் காலைப் பிடித்தாள். அப்பா மற்றவனின் காலைப் பிடித்தார். அண்ணன் அவர்களோடு நடந்தான். என்னைக் கடந்து போகும்போது என் பின்னலை ஒரு இழு இழுத்துவிட்டுப் போனான். வழக்கமாகச் செய்வதுதான்.

அதன் பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை.

அம்மா பாதரைச் சபிக்கத் தொடங்கினாள். பாதர்தான் காட்டிக்கொடுத்தார் என்றாள். வேண்டுமென்றே பெயரை விட்டு ஊருக்குச் சாடை காட்டினார் என்றாள். பாதர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அம்மா கதவைச் சாத்தினாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பவும் அந்தத் திங்கட்கிழமை. ஒன்பது இருபத்தைந்து. கடற்கரை றோட்டு. இரண்டாவது ஷெல் கூவவில்லை.

அப்பா நின்ற இடத்தில் அப்பா இல்லை. சைக்கிள் கிடக்கிறது. சைக்கிளுக்கு அடியில் தங்கை. "அக்கா" என்கிறாள். ஒருமுறை. நானும் அம்மாவும் வாய்க்காலுக்குள் கிடக்கிறோம். எப்படி அங்கே போனோம் என்று தெரியாது. அம்மா எழும்பப் பார்க்கிறாள்.

"தலையைத் தூக்காதேங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

பாதர் ஓடி வருகிறார். கோயிலிலிருந்து அவ்வளவு தூரம். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். சைக்கிளைத் தூக்கி எறிகிறார். தங்கையை வாரி எடுக்கிறார். திரும்புகிறார். இரண்டு அடி.

மூன்றாவதும் கூவவில்லை.

எந்தப் பக்கமிருந்து வந்த ஷெல் என்று பிறகு பலர் கேட்டார்கள். கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் சொன்னேன். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கோயிலுக்குள் போனவர்களுக்கு அன்று ஒரு கீறல்கூட இல்லை. அதுவும் உண்மை.

நான்கு நாட்கள் கழித்துப் படகு. விடிந்த பிறகு படகோட்டி இந்தியப் பக்கத்து மணல் திட்டில் இறக்கிவிட்டான். முழங்கால் அளவு தண்ணீர். வெயில் ஏறும்வரை நின்றோம். படகில் வரும்போதும் அம்மா பாதரைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள்.

"குற்றம் செய்யாதவன் எதுக்கு ஓடி வரவேணும்? மனச்சாட்சி குத்தியிருக்கு. அதுதான் ஓடி வந்தவன்."

பாருங்கள், சந்தேகம் எப்படி வேலை செய்கிறதென்று. ஒரு மனிதன் நம் பிள்ளையைத் தூக்கப்போய்ச் செத்தான். அதையே அவன் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டாள் என் அம்மா. நான் பக்கத்தில் இருந்தேன். அவள் மடியில் தலை வைத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். சொன்னால் அவளும் இல்லை என்று பயந்தேன். பத்தொன்பது வருடமும் அந்தப் பயம்தான்.

முகாம். தார்ச்சீட்டுக் கூரை, பத்துக்குப் பத்து அறை, வாரா வாரம் தலை எண்ணுவார்கள். ஆறாம் வகுப்பில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பக்கத்து அறைக் குடும்பத்தைப் பற்றி எழுதினேன். இரண்டு அண்ணன்மார், ஓர் அப்பா, ஒரு நாய். டீச்சர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிப் பாராட்டினார். நல்ல கட்டுரை என்றார். என் எழுத்து அங்கே தொடங்கியது. பொய்யில்தான் தொடங்கியது.

கவிதை பிறகு வந்தது. அச்சகத்துக்கு வேலைக்கு வந்தபின், வீணான புரூஃப் தாளின் பின்பக்கத்தில். ஒன்றைக் காட்டுகிறேன்.

கதவு திறந்திருக்கிறது.
உள்ளே யாரோ.
பெயர் கேட்காதே.

என் எல்லாக் கவிதையும் இப்படித்தான். நான்கு சொல்லுக்கு மேல் வரி போகாது. அவன், அவள், யாரோ. ஊர் இல்லை, பெயர் இல்லை. பெரிய மனிதர் ஒருவர் அணிந்துரை எழுதித் தந்தார். பெயரின்மையின் அழகியலாம். அழகியலாவது மண்ணாங்கட்டியாவது! அடுத்த ஷெல் விழுவதற்குள் பங்கருக்குள் சொல்லி முடிக்கக்கூடிய நீளம்தான் என் வரி. பெயர் இல்லாதது பயத்தால். ஒரு பெயரை எழுதாமல் விட்டேன், ஒரு வீடு போனது. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அதனால் இனி எந்தப் பெயர் பக்கமும் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அந்தப் பயத்துக்கு ஓர் அணிந்துரை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மிச்சப் பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் முதுகு படாமல் எனக்கு உட்கார வராது. புதிய வீட்டுக்குப் போனால் முதலில் பின்வாசலைத் தேடுவேன். ஒருமுறை கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை புரூஃப் கொண்டுபோனேன். வருடம் முழுக்கப் பூட்டியிருக்கிற வீடு. கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். வாசலில் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு, கடைசியில் அடுத்த தெரு தெரிகிறது. "உள்ள வாங்க, ஏன் அங்குட்டே நிக்கிறீக?" என்று அந்த வீட்டு ஆச்சி கூப்பிடுகிறார். என் கால் போகவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில் மிதிவெடி இருக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த ஆச்சி எங்கெங்கே கால் வைத்து வந்தார் என்று பார்த்து, அதே கல்லில் கால் வைத்துப் போனேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இப்படிப்பட்ட எனக்குப் பிழைப்பு என்ன தெரியுமா? பெயர் அடிப்பது. காலையிலிருந்து மாலைவரை பெயர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. இந்த ஊரில் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் கொலைக்குச் சமம். போன தையில் ஒருவர் கீழச்சிவல்பட்டியிலிருந்து பைக்கில் வந்தார். ஐந்நூறு பத்திரிகையையும் மேசையில் கொட்டினார்.

"தாய்மாமன் பேரு எங்க? தாய்மாமன் பேரை விட்டுப்புட்டு என்ன வேலை பாத்து வச்சிருக்கீக? இதைக் கொண்டுபோயி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக வீட்டு வாசல்ல நிப்பேன்?"

"கோவப்படாதீகண்ணே, உக்காருங்க. மறுபடி அடிச்சுத் தந்துருவோம்" என்றார் சிவகாமி அக்கா. அவர் போனதும் என்னிடம் திரும்பினார். "ஏத்தா ஜெசி, ஒரு பேரு தானேன்னு நெனைக்காத. ஒரு பேரு விட்டா குடும்பம் ரெண்டாப் போயிரும்."

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திட்டியதற்கு அழுகிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டு டீ வாங்கித் தந்தார்.

இப்போது இந்த அக்டோபருக்கு வருகிறேன். இங்கே நாங்கள் போகிற கோயிலிலும் நவம்பரில் இறந்தவர் பெயர்களை வாசிக்கிறார்கள். இங்கே கொஞ்சம் நவீனம். பெயர்களை வாங்கி அச்சடித்து எல்லோருக்கும் ஒரு தாள் கொடுக்கிறார்கள். அந்த வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. என் மேசைக்கு வந்தது. வேறு எங்கே வரும்?

சனிக்கிழமை. மாலை நாலு மணி. அம்மா அடுக்களை வாசலில் இருந்து சூடை மீன் வெட்டுகிறாள். நான் சுவரோரம்.

"ஜெசி, இந்த வருசம் யூட்டின்ரை பேரையும் போடு."

இத்தனை வருடத்தில் அம்மா இதைச் சொன்னதில்லை. அப்பா, தங்கை, மற்ற ஐந்து பேர் என்றுதான் கொடுப்பாள். அண்ணனை விட்டுவிடுவாள். நானும் கேட்கமாட்டேன்.

"எனக்கும் வயசு போகுது. வந்தால் இவ்வளவு நாளைக்கு வந்திருப்பான். ஒருக்காலாவது அவனுக்கெண்டு பேர் வாசிக்கட்டும்." ஒரு மீனின் தலை போனது. "இஞ்சத்தைப் பாதராவது ஒழுங்கா வாசிப்பார். அந்தப் பாவி மாதிரி விடமாட்டார்."

அந்த ஒரு சொல். பாவி. பத்தொன்பது வருடமாகக் கேட்ட சொல்தான். அன்று தாங்க முடியவில்லை.

"அம்மா, பாதர் விடேல்லை. நான்தான் எழுதேல்லை."

கத்தி நிற்கவில்லை. இன்னும் மூன்று மீன் வெட்டினாள்.

"என்ன சொன்னனி?"

"அந்தத் தாளில நான் அண்ணையின்ரை பேரை எழுதேல்லை. எழுதினா அவன் செத்துப்போவானெண்டு பயந்திட்டன். பாதர் எனக்காகப் பழியைத் தன்னில போட்டவர்."

அம்மா எழும்பினாள். குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மீன் அப்படியே கிடந்தது. நானே வெட்டி முடித்தேன்.

எட்டு நாள். ஒரு வார்த்தை இல்லை. சமைத்தாள். தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். போகும்போதெல்லாம் வரும்போது இருப்பாளா என்று சந்தேகம். அலமாரியில் அவளுடைய முகாம் பதிவு அட்டை இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். பைத்தியக்கார வேலைதான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள். காலை பதினொன்று. கோயில் தாள் அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கென்று விட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. கதவு திறந்தது. அம்மா. குடை இல்லை, செருப்பு இருக்கிறது. அவள் அச்சகத்துக்கு வந்ததே இல்லை.

"வாங்கம்மா! இந்த வெயில்ல எதுக்கு நடந்து வந்தீக? சொல்லிவிட்டா நானே வந்திருப்பேன்ல" என்று சிவகாமி அக்கா எழுந்தார். அம்மா நேராக உள்ளே வந்தாள். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

"எழுது. முதல்ல பாதரை எழுது."

"எங்கட வீட்டுப் பேருகளுக்கு மேலயோ?"

"மேலதான். என்ரை பிள்ளையைத் தூக்க வந்த மனுசன். ஒரு பூசை குடுக்கேல்லை நான். ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்லை. இஞ்ச வந்து எத்தினை பேருக்கு அவரைப் பற்றிக் கேவலமாச் சொல்லியிருப்பன். முகாமில, கோயிலில, கடையில. அந்த மனுசன் மேல இருந்து கேட்டுக்கொண்டெல்லோ இருந்திருப்பார். ஐயோ, நான் அவருக்கு என்னெண்டு முகம் காட்டுவன்!"

அம்மா அழுதாள். வாய்விட்டு. தங்கை போனபோதுகூட அப்படி அழவில்லை. சிவகாமி அக்கா அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பாதரின் பெயரை அடித்தேன். பதினொரு வயதுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. இரண்டு முறை பிழைவிட்டேன்.

பிறகு அப்பா. பிறகு தங்கை. பிறகு பழைய ஐந்து பேர். விரலை விசையில் வைத்துக் காத்திருந்தேன்.

"அடுத்தது?"

"அவ்வளவுதான்."

"அண்ணை?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எட்டு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உயிரோட இருந்த பிள்ளையைச் செத்தவனெண்டு எழுதச் சொன்னது ஆர்? நான்தானே. ஒருக்காச் சொன்னது போதும். அவன்ரை பிணத்தை நான் கண்டனானோ, நீ கண்டனியோ?"

"இல்லை."

"பிறகென்ன. விடு." எழும்பினாள். "உன்னில எனக்குக் கோபம் போகேல்லை. அது வேறை. மத்தியானம் வந்து சாப்பிடு."

போய்விட்டாள். சிவகாமி அக்கா அச்சு இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார். அன்று மாலை நானே எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அணிந்துரைப் பக்கங்களை எடுத்துக் கையில் கொடுத்தார். "இது வேணாம்த்தா. நீயே எழுது. பேரோட எழுது" என்றார். அவர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று இன்னும் கொஞ்சம் சந்தேகம்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இனிக் கணக்கு.

ஊர்: வெள்ளாங்குடா. இது உண்மையான பெயர். நான் மாற்றவில்லை. வீடு ஒன்று, ஓட்டுக்கூரை, கிணறு. வள்ளம் ஒன்று, எஞ்சினோடு. வலை மூன்று. ஆடு ஏழு, அதில் ஒன்று சினை. சைக்கிள். அரிசி மூட்டை. பள்ளிக்கூடப் பை என்னோடு வந்தது, பிறகு முகாமில் கறையான் தின்றது.

பாதர் திபூர்சியஸ். வயது எனக்குத் தெரியாது. முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை, ஒன்பது இருபத்தேழு. செய்யாத பிழைக்கு, ஓடி வந்து.

அப்பா, சவிரியான். நாற்பத்து நான்கு. ஒன்பது இருபத்தைந்து.

தங்கை, பிரிஜிற்றா. ஆறு வயது. பாதரின் கையில்.

அண்ணன், யூட். பதினெட்டு வயது, இப்போது முப்பத்தேழாக இருக்கும். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மெலிந்த உடம்பு. எங்கேயாவது கண்டால் சிவகாமி அக்காவின் அச்சகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். இந்த நவம்பர் பூசையிலும் அவன் பெயர் வாசிக்கப்படவில்லை. இந்த முறை அம்மா சொல்லித்தான் விட்டேன்.